ஐந்து நாள் பறையாட்டம் மாத்திரைக்கு மாற்றாகுமா?

கடிதத்தின் சுருக்கம்

திருப்பூரிலிருந்து எழுதியிருக்கும் வாசகிக்கு வயது 38. ஏற்றுமதி பனியன் கம்பெனி ஒன்றில் 14 ஆண்டுகளாகக் கணக்குப் பிரிவில் வேலை. கணவர், பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள், கணவரின் தாயார் என ஐந்து பேர் கொண்ட குடும்பம். சென்ற அக்டோபரில் மனச்சோர்வு நோய் என்று கண்டறியப்பட்டு, எஸ்சிடலோப்ராம் 10 மி.கி. மாத்திரை எடுக்கத் தொடங்கியிருக்கிறார். ஜனவரி வாக்கில்தான் தெளிவு வந்தது என்கிறார்.

மே விடுமுறையில், திண்டுக்கல் பக்கம் ஒரு தோப்பில் நடந்த ஐந்து நாள் பறையாட்டப் பயிற்சி முகாமுக்குப் போனார். அங்கு 32 பேர். மூன்றாம் நாள் மாலை, முக்கால் மணி நேரம் ஒரே அடியை வட்டமாக ஆடிக்கொண்டே அடித்தபோது அடக்க முடியாமல் அழுதுவிட்டார். அதன்பின் மனம் லேசானது. வீடு திரும்பிய அன்றே, "என் நோய் அங்கேயே போய்விட்டது" என்று மாத்திரையை நிறுத்திவிட்டார். முதல் வாரம் இரவில் நான்கு மணி நேரம்தான் தூக்கம். ஆனாலும் களைப்பே இல்லை. அந்த வாரத்திலேயே தலைசுற்றலும், கண்ணைத் திருப்பினால் தலைக்குள் கரண்ட் அடிப்பதுபோன்ற உணர்வும், காரணமில்லாத எரிச்சலும் தொடங்கின. இப்போது மூன்று வாரம் ஆகிறது. பறையை எடுக்கவே மனமில்லை, அழுகை வருகிறது. "முகாமில் கிடைத்த சக்தி கரைகிறது, அதைத் திரும்பப் பிடிக்க வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் பறையில் இறங்கலாமா, நானே வகுப்பு தொடங்கலாமா" என்று கேட்கிறார். "சாவு மேளம் இந்த வீட்டுக்குள் வரக்கூடாது" என்கிறார் அத்தை. மேல்வீட்டுக்காரர்கள் சத்தம் என்கிறார்கள். வலது மணிக்கட்டில் வலி. ஆகஸ்டில் ஒரு கல்லூரி விழாவில் ஆட வரச் சொல்லி ஆசான் கேட்டிருக்கிறார். "நான் பிறந்த சாதிக்கு இதைத் தொட உரிமை உண்டா" என்ற கேள்வியும் கடிதத்தில் இருக்கிறது.

பதில்

சகோதரி, மற்றதெல்லாம் பிறகு. முதலில், மாத்திரை எழுதிக் கொடுத்த மருத்துவரை இந்த வாரத்துக்குள் நேரில் பாருங்கள். நிறுத்தியதைச் சொல்லத் தயங்க வேண்டாம். சற்றுத் தெளிந்ததும் மாத்திரையை நிறுத்துகிறவர்களை அவர் நிறையவே பார்த்திருப்பார். அதற்குள் நீங்களாகவே பழைய அளவை மறுபடி போட்டுக்கொள்ளவும் வேண்டாம். ஏன் என்று கீழே சொல்கிறேன். இடையில் "இருந்து என்ன பயன்", "செத்துப்போகலாம்" என்ற எண்ணம் ஒருமுறை எட்டிப் பார்த்தாலும், சந்திப்பு நாளுக்குக் காத்திராமல் அன்றே வீட்டுக்காரரிடம் சொல்லி மருத்துவமனைக்குப் போங்கள். நள்ளிரவானால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

மாத்திரையை நிறுத்தியதால் நடந்தது

தலைக்குள் கரண்ட் அடிப்பது, தலைசுற்றல், எரிச்சல் ஆகியவற்றை "சக்தி கரைவது" என்று எழுதியிருக்கிறீர்கள். இவை எஸ்சிடலோப்ராம் வகை மாத்திரைகளைத் திடீரென நிறுத்தினால் வரும் விலகல் அறிகுறிகள். பெரும்பாலும் நிறுத்திய இரண்டு முதல் நான்கு நாளில் தொடங்கும், சில வாரங்களில் தணியும். இந்த மாத்திரைக்கு நீங்கள் அடிமையாகிவிட்டதாக அர்த்தமில்லை. ஏழெட்டு மாதம் ஒரு மருந்தோடு பழகிய மூளைக்கு, அது இல்லாமல் இருக்கப் பழகக் கால அவகாசம் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். நிறுத்த வேண்டிய நேரம் வரும்போது மருத்துவர் வாரக்கணக்கில், தேவைப்பட்டால் மாதக்கணக்கில், படிப்படியாகக் குறைப்பது இதற்காகத்தான்.

அந்த நேரம் இன்னும் வரவில்லை என்றே தோன்றுகிறது. முதல்முறை மனச்சோர்வு வந்தவருக்கு, முழுதாகத் தெளிந்த பிறகும் குறைந்தது ஆறு மாதம் மருந்தைத் தொடர்வது வழக்கம். எட்டு மாதம் சாப்பிட்டுவிட்டேன் என்று கணக்குச் சொல்கிறீர்கள். மாத்திரை தொடங்கிய நாளிலிருந்து எண்ணக் கூடாது. தெளிந்த நாளிலிருந்து எண்ண வேண்டும். ஜனவரியிலிருந்து எண்ணினால் நிறுத்தும்போது ஐந்து மாதம்கூட நிறைந்திருக்காது. தலைசுற்றல் வேகமாக வந்து வேகமாகப் போவது. இப்போதைய அழுகையும் மனமின்மையும் மெல்ல வந்து தங்கப் பார்க்கின்றன. நோய் திரும்புவது பெரும்பாலும் இப்படித்தான். இரண்டில் எது என்று கடிதத்தை வைத்து நான் சொல்வது சரியாகாது. நேரில் பார்ப்பவர் சொல்வார்.

அந்த ஒரு வாரத் தூக்கம்

நீங்கள் பெருமையாக எழுதிய ஒரு வரியில்தான் என் கண் நின்றது: "நாலு மணி நேரம்தான் தூங்கினேன், ஆனாலும் பறந்தேன்." முகாம் முடிந்து வருகிற யாருக்கும் இரண்டு மூன்று நாள் இப்படி இருக்கலாம். ஆனால் நான்கு நாளுக்கு மேல் தூக்கத்தின் தேவையே குறைந்து, பேச்சும் திட்டங்களும் வேகமெடுத்து, கையில் உள்ள பணமும் வேகமாகச் செலவானால், அது இருமுனைக் கோளாறின் (மனம் சில காலம் அளவுமீறி எழும்பி, சில காலம் சோர்ந்துபோகும் நோய்) லேசான எழுச்சியா என்று பார்த்தாக வேண்டும். இல்லாமலும் போகலாம். ஆனால் இருந்தால் சிகிச்சையே மாறும்: அந்த நிலையில் மனச்சோர்வு மாத்திரையைத் தனியாகக் கொடுத்தால் எழுச்சி கூடிவிட வாய்ப்புண்டு. நீங்களாக மறுபடி தொடங்க வேண்டாம் என்றதன் காரணம் இதுதான்.

மருத்துவரிடம் போகும்போது வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போங்கள். எழுச்சியில் இருப்பவருக்குத் தன் வேகம் தெரியாது, பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியும். அந்த வாரம் நீங்கள் எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், வழக்கத்தைவிட அதிகம் பேசினீர்களா, என்னென்ன வாங்கினீர்கள் என்று அவர் சொல்லட்டும். உங்கள் பெற்றோர், உடன்பிறந்தோர் யாருக்காவது இப்படி ஏறி இறங்கும் நோய் இருந்ததா என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

முகாமில் உங்களைத் தேற்றியது எது?

இவ்வளவு சொன்னதால் முகாமில் கிடைத்ததை நான் பொய் என்கிறேன் என்று எண்ணிவிடாதீர்கள். அது நிஜம். பலர் ஒரே தாளத்தில் சேர்ந்து அசையும்போது வலி தாங்கும் அளவு கூடுவதும், முன்பின் தெரியாதவர்மேல் நெருக்கம் தோன்றுவதும் ஆய்வுகளிலேயே காணப்பட்டவை. மூன்றாம் நாள் அழுகைக்கு நீங்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதே சமயம், "உள்ளே புதைந்த துக்கமெல்லாம் வெளியே வந்துவிட்டது, இனி ஒன்றுமில்லை" என்பதும் சரியல்ல. அழுகை ஒரு வடிகால். எட்டு மாத நோயை ஒரு மாலையில் யாராலும் அழுது தீர்க்க முடியாது.

உங்கள் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தை மறுபடி படித்துப் பாருங்கள். முகாம் நாட்களை எவ்வளவு நுணுக்கமாக எழுதியிருக்கிறீர்கள்! காலை ஐந்தரைக்கு எழுந்து தோப்பைச் சுற்றி ஓட்டம். போன் எல்லாம் ஒரு பெட்டியில். நாள் முழுக்க ஆறு மணி நேரத்துக்கு மேல் உடம்பு அசைந்தது. சமைக்கவில்லை, பந்தியில் உட்கார்ந்தீர்கள், யாரோ பரிமாறினார்கள். இரவு ஒன்பதரைக்குத் தூக்கம். ஐந்து நாளும் யாரும் உங்களை அம்மா என்றோ, மருமகளே என்றோ, மேடம் என்றோ கூப்பிடவில்லை. இந்தப் பட்டியலில் பறை ஒன்றுதான். மனச்சோர்வுக்கு நாங்கள் பரிந்துரைக்கும் விடியல் வெளிச்சம், உடலுழைப்பு, ஒழுங்கான தூக்கம், மனிதர் கூட்டம் எல்லாம் அங்கே ஒரே நேரத்தில், முழு அளவில் கிடைத்தன. கூடவே மாத்திரையும் ஓடிக்கொண்டிருந்தது. முகாமின் ஐந்து நாளும் நீங்கள் அதைச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தீர்கள் என்பதை மறந்துவிட்டீர்கள்.

அதனால்தான் வேலையை விட்டால் அந்த நிலை திரும்ப வரும் என்ற கணக்கு தப்பாகிறது. வேலையை விட்டால் சமையல் போகாது, தூக்கம் ஒழுங்காகாது, 32 பேர் வர மாட்டார்கள். மாதச் சம்பளம் மட்டும் போகும். அந்தப் பட்டியலில் உள்ளவற்றைச் சிறிய அளவில், ஒவ்வொன்றாக வாரத்துக்குள் கொண்டுவருவதுதான் வழி.

மருத்துவர் சரி என்றபின் இப்படித் தொடங்கலாம். தினமும் காலை ஏழு மணிக்குள் 30 நிமிடம் திறந்த வெளியில் நடை. செவ்வாயும் வியாழனும் 20 நிமிடம் பறை இல்லாமல் அடவு (ஆட்ட அடி) மட்டும்: வாயால் சொற்கட்டை, அதாவது தாளச் சொற்களை, சொல்லிக்கொண்டே கால் போடுங்கள். முதல் ஐந்து நிமிடம் கணுக்காலும் கெண்டைக்காலும் சூடேறும்வரை குதிக்க வேண்டாம். ஞாயிறு காலை உங்கள் ஊரிலோ கோவையிலோ ஒரு குழுவோடு இரண்டு மணி நேரம். இந்த ஞாயிறுதான் முக்கியம். வீட்டில் தனியாக அடிப்பதில் கைதான் தேறும். உங்களைத் தேற்றியது வட்டம். இரவு ஒன்பதுக்குப் பிறகு போன் வேறு அறையில். வாரத்தில் ஒரு இரவுச் சமையல் வீட்டுக்காரர் பொறுப்பு.

மனம் வந்தால் செய்கிறேன் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். மனச்சோர்வில் மனம் முன்னால் வராது; செய்யத் தொடங்கிப் பத்து நிமிடம் கழித்துத்தான் வரும். ஆகவே கடிகாரத்தைப் பார்த்துத் தொடங்குங்கள். 20 நிமிடம் முடியாத நாளில் ஐந்து நிமிடம் போதும், ஆனால் அந்த நேரத்தில் கால் தரையில் இருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஆடுவதற்கு முன்னும் பின்னும் மனநிலைக்குப் பத்துக்கு எத்தனை என்று ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். ஆறு வாரம் கழித்து அந்த நோட்டு, முகாம் நினைவைவிட நம்பகமாகப் பேசும். ஆடிய அன்று இரவு தூக்கம் ஐந்து மணி நேரத்துக்குக் கீழே இறங்கினால் அதையும் குறித்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

அத்தையும் பறையும்

"சாவு மேளம்" என்ற சொல்லில் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன. ஒன்று, அமங்கலம் என்ற பயம். இதற்குப் பதில் பறையின் அடிகளிலேயே, அதாவது தாள வகைகளிலேயே, இருக்கிறது. சாமிச்சாட்டு அடி கோயில் சாட்டுக்கு (திருவிழாவை ஊருக்கு அறிவிப்பதற்கு), சப்பரத்து அடி சாமி ஊர்வலத்துக்கு, வாழ்த்தடி வாழ்த்துவதற்கு. மாரடிப்பு அடிதான் இழவுக்கு. ஐந்திணைக்கும் தெய்வம், உணவு, மரம், பறவை என்று கருப்பொருள்களை அடுக்கும் தொல்காப்பியம், அந்த வரிசையில் பறையையும் வைத்திருக்கிறது. அத்தை சாமி கும்பிடும் ஊர்க் கோயில் சாட்டில் எந்த மேளம் ஒலிக்கிறது என்று அவரிடமே கேளுங்கள். வாதத்துக்காக வேண்டாம், அவர் கண்டு கேட்ட கதையைச் சொல்லச் செய்யுங்கள்.

மற்றது சாதி. அதை அமங்கலம் என்ற போர்வைக்குள் மறைத்துப் பேசுவது நம் வீடுகளின் பழக்கம். ஒரு சமூகத்தைச் சாவுக்கு மேளம் அடிக்கும் கட்டாய ஊழியத்தில் நிறுத்தி, அந்த ஊழியத்தையே காட்டி அவர்களை இழிவென்று சொன்னது ஊர்தான். அதனாலேயே "இனிப் பறையடிக்க மாட்டோம்" என்று தூக்கி எறிந்தவர்கள் உண்டு. அதே பறையை விடுதலைக் கருவியாக மேடைக்குக் கொண்டுவந்தவர்களும் உண்டு. 2025ஆம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ மதுரையின் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு அறிவிக்கப்பட்டபோது, அந்த நெடும் போராட்டத்துக்கு ஓர் அரசு மரியாதையும் சேர்ந்தது. 70 வயது அத்தையின் மனத்தை ஒரே நாளில் மாற்றிவிட வேண்டும் என்ற பாரத்தை, இந்த உடல்நிலையில், நீங்கள் சுமக்க வேண்டாம். பறை வீட்டில் இருக்கும் என்பதில் உறுதியாக இருங்கள். பூசையறை ஒட்டிய சுவரில்தான் மாட்ட வேண்டும் என்பதில் பிடிவாதம் வேண்டாம். பேச வேண்டியது உங்கள் வீட்டுக்காரர். தன் தாயிடம் மகன் சொல்வதும் மருமகள் சொல்வதும் ஒன்றல்ல.

உங்களுக்கு உரிமை உண்டா என்ற கேள்விக்கு: கற்க யாருக்கும் உரிமை உண்டு. ஒன்றை மட்டும் மறவாமல் இருங்கள். நீங்கள் விரும்பி எடுத்தீர்கள், விரும்பினால் கீழே வைக்கலாம். அப்படி வைக்க முடியாமல் தலைமுறை தலைமுறையாக அடித்தவர்களின் கருவி அது. ஐந்து நாள் கற்றுவிட்டு நீங்கள் வகுப்பு தொடங்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. கற்பவர்களுக்கும் அது நியாயமில்லை. அந்தக் கட்டணத்தில் வாழ வேண்டிய கலைஞருக்கும் நியாயமில்லை. ஆனால் உங்களிடம் குழுவுக்குத் தேவையான வேறொன்று இருக்கிறது: 14 ஆண்டுக் கணக்கு அனுபவம். கல்லூரிகளுக்கு முறையாகப் பில் போடுவது, வரவேண்டிய பணத்தைத் துரத்துவது, குழுவுக்கு வங்கிக் கணக்கு, நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் உறுப்பினராவதற்கான விண்ணப்பம் என்று எத்தனையோ இடங்களில் இந்தக் கலைஞர்கள் தடுமாறுகிறார்கள். மாதம் ஒரு சனிக்கிழமை மதியம் அதற்குக் கொடுத்துப் பாருங்கள். ஆசானிடம் கேட்டு, அவர் விரும்பினால் மட்டும்.

மணிக்கட்டு, காது, மேல்வீடு

வலி பெருவிரல் பக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். பெருவிரலை உள்ளே மடக்கி மற்ற விரல்களால் மூடி, மணிக்கட்டை மெல்லச் சுண்டுவிரல் பக்கம் சாயுங்கள். சுரீரென்று இழுத்தால், பெருவிரல் தசைநாண் உறையில் அழற்சியாக இருக்கலாம். புதிதாகக் கற்பவர்கள் அடிக்குச்சியை இறுக்கிப் பிடித்து, பெருவிரலால் அழுத்தியே அடிப்பார்கள். தோல் குச்சியைத் திருப்பி எறியும்; அந்த எழுச்சியைக் கை அனுமதிக்க வேண்டும். இரண்டு வாரம் வலது கைக்கு முழு ஓய்வு, பெருவிரலையும் சேர்த்துத் தாங்கும் பட்டை. துணி பிழிவதையும் ஒரு கையால் குக்கரைத் தூக்குவதையும் தவிருங்கள். மூன்று வாரத்தில் குறையாவிட்டால் எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

முகாம் முடிந்து இரண்டு நாள் காதில் கொய்ங்கென்று ஒலித்ததைப் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அது சிறிய செய்தி அல்ல. 85 டெசிபல் சத்தத்தில் காது எட்டு மணி நேரம் தாங்கும் என்பது பொதுவான கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடம்தான். 32 பறைகள் சேர்ந்தால், அதுவும் கூரை உள்ள இடத்தில், என்ன ஆகும் என்று கணக்கு உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மருந்துக் கடையில் கிடைக்கும் நுரைப்பஞ்சு (ஃபோம்) காதடைப்பானை உருட்டி மெல்லிதாக்கி, காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துச் செருகி, அது விரியும்வரை அரை நிமிடம் விரலால் பிடியுங்கள். தாளம் நன்றாகவே கேட்கும். காது மந்தமாக இருப்பதாகத் தோன்றினால் ஒரு கேட்புத் திறன் சோதனை செய்துகொள்ளுங்கள்.

மேல்வீட்டுக்காரர்கள் பக்கம் சட்டமும் இருக்கிறது: 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவு பத்து முதல் காலை ஆறு வரை 45 டெசிபல்தான் வரம்பு. பறை எப்படி அடித்தாலும் இதற்குள் நிற்காது. வீட்டில் கைப்பழக்கத்துக்கு ஒரு பிளைவுட் பலகைமேல் ரப்பர் விரிப்பை ஒட்டி அதில் அடியுங்கள். தலையணையில் அடித்தால் குச்சி எழும்பாது, மணிக்கட்டுத்தான் கெடும். தோலை இறுக்கப் பறையை நெருப்பில் காய்ச்சுவதும் அடுக்கக மொட்டை மாடியில் வேண்டாம். அதை ஞாயிறு வகுப்பில் ஆசான் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளுங்கள். சூடு மிஞ்சினால் தோல் வெடித்துவிடும்.

வேலையும் ஆகஸ்டும்

மருத்துவர் உங்கள் மனநிலை நிலையாகிவிட்டது என்று சொன்ன நாளிலிருந்து மூன்று மாதம்வரை, திரும்பப் பெற முடியாத எந்த முடிவும் வேண்டாம். ராஜினாமா அதில் முதல். சோர்வில் எடுத்த முடிவும் சரி, எழுச்சியில் எடுத்த முடிவும் சரி, நிலைத்த மனத்துக்கு வேறாகத் தெரியும். அதன்பிறகும் வேலை பிடிக்கவில்லை என்றால் எழுதுங்கள். அது தனியாகப் பேச வேண்டிய விஷயம், பறையைச் சாக்காக வைத்துப் பேசக் கூடாதது.

ஆகஸ்ட் மேடை இப்போது வேண்டாம். ஒத்திகைக்காக இரவுத் தூக்கம் கெடும், கை இன்னும் ஆறவில்லை, மருந்தும் அப்போதுதான் ஒரு நிலைக்கு வந்துகொண்டிருக்கும். "ஆசானே, உடம்பு சரியில்லை, மருத்துவரைப் பார்க்கப் போகிறேன். ஆகஸ்டில் ஆட முடியாது. மருத்துவர் சரி என்றதும் ஞாயிறு வகுப்புக்குக் கட்டாயம் வருவேன்" என்று இன்றே போன் செய்து சொல்லிவிடுங்கள். நோயின் பெயரைச் சொல்லத் தேவையில்லை. உங்கள் இடத்துக்கு இன்னொருவரைப் பழக்க அவருக்கு நாள் வேண்டும்.